கிராக் விண்டோஸ் அடிக்கும் சேர்மாருக்கு, எங்களையும் சேர்த்து

கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைக்குப் பாவித்த லெப்டொப் வாங்கிய பெற்றோரும், வாங்க இருப்பவர்களும் முழுவதையும் வாசியுங்கள். சேர்மார் கோபிக்காமல் வாசியுங்கள்.

போன தவணை, எங்களிடம் உயர் தரம் படிக்கும் ஒரு பிள்ளையின் வாப்பா கட்டாரிலிருந்து வரும்போது பாவித்த லெப்டொப் ஒன்று கொண்டு வந்தார். 4 ஜீபி ரேம், பழைய ஐ3. "சரியான ஸ்லோவா இருக்கு சேர், என்ன செய்யலாம்?" என்று கேட்டார். "கடையில குடுத்து புதுசா விண்டோஸ் அடிச்சி எடுங்க" என்றோம். கடையையும் நாங்களே காட்டினோம்.

கடையில் கிராக் விண்டோஸ், கிராக் ஒபிஸ், கேட்காத கிராக் போட்டோஷொப் எல்லாம் அடித்துக் கொடுத்தார்கள். ஒரு மாதம் போகவில்லை. ஒருநாள் காலையில் ஒரு ஃபைலும் திறக்கவில்லை. டொலரில் காசு கேட்டு ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு மட்டும் இருந்தது. ஒன்றரை வருடக் குறிப்புகளும் ஸ்கேன் பண்ணி வைத்த வினாத்தாள்களும் போய்விட்டன. கடையில் கேட்டால், "அதுக்கு நாங்க பொறுப்பில்லை" என்றார்கள். பொறுப்பு யாருக்கு? அந்தக் கடைக்கு அனுப்பியது நாங்கள்தானே?

கிராக் எப்படி வேலை செய்கிறது என்று ஐசிடி படிப்பிக்கும் எங்களுக்குத் தெரியும். முதலில் அன்டிவைரஸை நிறுத்தச் சொல்லும். பிறகு, யார் எழுதினார்கள் என்றே தெரியாத ஒரு புரோகிராமுக்கு முழு அதிகாரமும் கொடுக்கச் சொல்லும். வாசலில் நின்ற காவலாளியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, முகம் தெரியாதவன் கையில் சாவியைக் கொடுப்பது இது. எல்லாக் கிராக்கிலும் வைரஸ் இருக்கிறது என்று சொல்லவில்லை. எதில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க உங்களுக்கும் வழியில்லை, எங்களுக்கும் வழியில்லை.

அடுத்தது அமானிதம். பரீட்சை மண்டபத்தில் துண்டு வைத்திருக்கும் பிள்ளையைப் பிடிக்கிறோம். தராசில் விளையாடும் கடைக்காரனை ஏசுகிறோம். அதே நாங்கள் கிராக்கைப் பென் ட்ரைவில் போட்டு ஸ்டாஃப் ரூமில் கைமாற்றுகிறோம். இந்த நாட்டின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் மென்பொருளையும் பாதுகாக்கிறது. இதைப் பாடமாக நடத்தும் நாங்களே மீறினால் பிள்ளை எதைப் படிக்கும்?

"கம்பனிக்காரனுக்கு என்ன குறை? ஏழைப் பிள்ளை காசுக்கு எங்கே போகும்?" என்பார்கள். ஏழைப் பிள்ளைக்காகத்தான் இதை எழுதுகிறோம். காசு கொடுக்காத, களவும் இல்லாத வழி இரண்டு இருக்கிறது.

ஒன்று: விண்டோஸ் 8 வந்த காலத்துக்குப் பிறகு விண்டோஸோடு விற்கப்பட்ட பெரும்பாலான லெப்டொப்களில் லைசென்ஸ் இலக்கம் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். விண்டோஸ் 10ஓடு விற்கப்பட்ட மெஷின் என்றால், அதே பதிப்பு விண்டோஸ் 10ஐ மைக்ரோசொஃப்ட் தளத்திலிருந்தே இலவசமாக இறக்கி அடித்து, இன்டர்நெட்டில் இணைத்தால் தானாகவே அக்டிவேட் ஆகிவிடும். அதாவது, சொந்தமாக லைசென்ஸ் உள்ள மெஷினுக்கே கிராக் போட்டுக் காசு வாங்குகிறார்கள்! ஆனால் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 கேட்கிறது. இன்டெல் என்றால் பெரும்பாலும் 8 ஆம் தலைமுறையாவது வேண்டும். பழைய மெஷின்கள் அங்கே நுழைய முடியாது.

அதற்காக அவை செத்துவிட்டனவா? இல்லை. இரண்டாவது வழி லினக்ஸ். லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ பதிப்புக்கு 2 ஜீபி ரேம், 20 ஜீபி டிஸ்க் இருந்தால் ஓடும். 4 ஜீபி என்றால் வசதி. 8 ஜீபி பென் ட்ரைவ் ஒன்றில் ரூஃபஸ் மூலம் ஏற்றுங்கள். மெஷினை ஒன் பண்ணும்போது எஃப்12 அல்லது அந்த மொடலுக்குரிய கீயை அழுத்திப் பென் ட்ரைவிலிருந்து தொடங்குங்கள். அடிக்காமலே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, சத்தம், கமெரா சரியா என்று பார்த்த பிறகு அடியுங்கள். முக்கியம்: "எரேஸ் டிஸ்க்" கொடுத்தால் உள்ளே உள்ள எல்லாம் அழியும். தேவையானதை முதலில் வேறு இடத்தில் கொப்பி பண்ணுங்கள்.

"பரீட்சைக்கு வேர்ட் வேணுமே சேர்?" பாடத்திட்டம் கேட்பது சொல் முறைவழிப்படுத்தல், விரிதாள், தரவுத்தளம். கம்பனியின் பெயரை அல்ல. லிப்ரே ஒபிஸ் மின்டோடு வருகிறது. உயர் தரத்துக்கான பைதனும் உள்ளேயே இருக்கிறது. தமிழுக்கு ரெங்கநாதன், தமிழ்99 இரண்டு விசைப்பலகையும் சேர்க்கலாம். பாமினியில் அடித்த பழைய வினாத்தாளுக்கு அந்த எழுத்துருவை அங்கேயும் போடலாம். குறையும் உண்டு. போட்டோஷொப் ஓடாது. சில பிரின்டர்கள் மல்லுக்கட்டும். வேர்டில் செய்த சில பக்கங்கள் கொஞ்சம் குலையும். மறைக்கவில்லை.

"இதெல்லாம் வெளிநாட்டுக்காரனுக்குச் சரி" என்பவர்களுக்கு ஒரு ஞாபகம். 2004 சுனாமி நமது கரையை அழித்தபோது, காணாமல் போனவர்களையும் முகாம்களையும் நிவாரணத்தையும் பதிவு செய்ய இலங்கை இளைஞர்கள் இரவு பகலாக எழுதிய மென்பொருள்தான் சஹானா. அதுவும் கட்டற்ற மென்பொருளே. அடுத்த வருடம் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போது அங்கேயும் பயன்பட்டது. கிராக் தேடித் திரியும் நாடு மட்டுமல்ல நாம். எழுதிக் கொடுத்த நாடும்தான்.

அந்தப் பிள்ளையின் லெப்டொப்பை முழுதாக அழித்து, அதன் கையாலேயே மின்ட் அடிக்க வைத்தோம். ஒரு மணித்தியாலம் போகவில்லை. இப்போது வேகமாக ஓடுகிறது. போன குறிப்புகள் மட்டும் வரவில்லை. கூட்டாளிகளின் கொப்பியைப் பார்த்து மறுபடி எழுதிக் கொண்டிருக்கிறது.

எங்கள் பென் ட்ரைவ்களில் இருந்த கிராக் எல்லாவற்றையும் அழித்துவிட்டோம். இனிமேல் எந்தப் பிள்ளையையும் "கடையில குடுங்க" என்று அனுப்ப மாட்டோம். பக்கத்தில் இருந்து அடிக்கப் பழக்குவோம், இன்ஷா அல்லாஹ். சேர்மாரே, டீச்சர்மாரே, உங்கள் பென் ட்ரைவில் என்ன இருக்கிறது?