பிழை திருந்துங் காலம்

“தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும்” என்பது நம் முன்னோர் வாக்கு. ஒரு பழக்கம் மெய்யில் ஊறிவிட்டால் அதனை மாற்றுதல் எத்துணை அரிது என்பதை இதனினுஞ் சுருங்கக் கூறுதல் இயலாது. ஆயினும் அரிது என்பது வேறு, இயலாது என்பது வேறு. இவ்வேற்றுமையைக் கோல்ஃப் என்னும் ஆட்டம் தெளிவாகக் காட்டுகின்றது என்பது எமது துணிபு.

இந்துக் கல்லூரியின் யூபிலி மலரிலே கோல்ஃப் எதற்கு என அன்பர் சிலர் வினவக்கூடும். 1879ஆம் ஆண்டிலேயே கொழும்பிற் கோல்ஃப் கழகம் நிறுவப்பட்டதெனினும், நாம் வளர்ந்தது கிரிக்கெற் பந்தும் உதைபந்தும் உருண்ட மைதானத்திலேதான். எனினும் உத்தியோகத்தின் பொருட்டு ஊர்விட்டுச் சென்ற பழைய மாணவர் சிலர் நடுவயதில் இவ்வாட்டத்தைப் பயிலப் புகுந்தனர். நாமும் அவருட் சேர்ந்தோம். அங்கே கற்றவற்றுள் மாணாக்கர்க்கும் ஆசிரியர்க்கும் பயன்படுவதொன்று உண்டெனக் கருதியே இதனை எழுதலானோம்.

கோல்ஃப் பயிலத் தொடங்குவோரை மிகவும் வருத்தும் பிழைகளுள் ஒன்று “ஸ்லைஸ்” எனப்படும். வலக்கை ஆட்டக்காரர் அடிக்கும் பந்து நேரே செல்லாது, வலப்புறமாக வளைந்து பற்றைக்குட் போய் விழும். கோல் பந்தைத் தொடுங் கணத்தில், அது வீசப்படும் பாதையை நோக்க அதன் முகம் வலப்புறமாகத் திறந்திருத்தலே இதற்குக் காரணம். இதனை அறியாத மாணாக்கன் என் செய்கின்றான்? பந்து வலப்புறம் போகின்றதே என்று தோளையும் பாதத்தையும் இடப்புறமாகத் திருப்பி நிற்கின்றான். அதனாற் கோலின் பாதை மேலும் இடப்புறஞ் சாய்கின்றது. முகத்துக்கும் பாதைக்கும் உள்ள கோணம் விரிகின்றது. பந்து முன்னிலும் அதிகமாக வளைகின்றது. பிழையை நீக்காது அதற்கு ஈடு செய்யப் புகுந்தால் ஒரு பிழை இரண்டாகிவிடுகின்றது.

பயிற்றுநரோ பந்தைப் பாராது கையைப் பார்க்கின்றார். கோலைப் பிடிக்கும் இடக்கையைச் சற்றே வலப்புறமாகத் திருப்புமாறு பணிக்கின்றார். அவ்வளவே. ஆனால் அச்சிறு மாற்றம் மாணாக்கனுக்குப் பிறர் கையைக் கடன் வாங்கியது போல இருக்கும். பத்துப் பந்தில் ஐந்தை ஒருவாறு அடித்தவன் இப்பொழுது இரண்டைக்கூட அடிக்க மாட்டான். உச்சியிலிருந்து கோல் இறங்கிப் பந்தைச் சேர ஏறக்குறையக் கால் செக்கனே செல்லும். கோலும் பந்தும் தொட்டிருப்பதோ ஒரு செக்கனின் இரண்டாயிரத்தில் ஒரு பங்களவே. அதற்குள் எண்ணித் திருத்த அவகாசம் ஏது? அங்கே ஆடுவது பழக்கமே. ஆகவே, பழையது கலைந்து புதியது கூடாத இடைக்காலத்தில் ஆட்டங் கெடுதல் இயல்பு. அது கண்டு பாடந் தவறென முடிவு கட்டுதல் ஆகாது.

இவ்விடைக்காலத்திலேதான் மாணாக்கர் பலர் வழிதவறுகின்றனர். ஒரு சாரார் சனிக்கிழமை நண்பரோடு ஆடுகையிற் தோற்க நாணிப் பழைய பிடிக்கே மீள்கின்றனர். கிழமை முழுதுங் கற்றது அன்றே கரைந்துபோகின்றது. மற்றொரு சாரார் வேறோர் ஆசானிடம் ஓடுகின்றனர். இக்காலத்திலோ கைத்தொலைபேசியைத் திறந்தால் ஆயிரம் ஆசான்மார். ஒருவர் மணிக்கட்டை மடக்கு என்பார். மற்றவர் மடக்காதே என்பார். இன்னுஞ் சிலர் பிடி, நிலை, தோள், இடுப்பு யாவற்றையும் ஒரே நாளிற் திருத்த விழைந்து ஒன்றையுந் திருத்தாது விடுகின்றனர். நாம் இம்மூன்று தவறுகளையும் ஒன்றும் விடாது செய்து பார்த்தோம் என்பதை ஒளிக்க விரும்பவில்லை. ஒரு பிழை, ஓர் ஆசான், அரை வீச்சு, நிறைந்த பொறுமை: இதுவே ஈற்றில் நாம் கண்ட வழி.

இவ்வழியிற் பெருவீரரும் நடந்திருக்கின்றனர். இங்கிலாந்தின் நிக் பால்டோ 1983ஆம் ஆண்டில் ஐரோப்பியச் சுற்றில் ஐந்து போட்டிகளை வென்று முதலிடம் பெற்றவர். அவரோ பெரும் போட்டிகளின் இறுதி நெருக்கடியிற் தம் வீச்சு நிலைகுலைவதைக் கண்டு, 1985இல் டேவிட் லெட்பெற்றர் என்னும் பயிற்றுநரிடம் அதனை அடியோடு மாற்றலானார். அவ்வாண்டிலும் அடுத்த ஆண்டிலும் ஐரோப்பியச் சுற்றில் ஒரு வெற்றியேனும் அவருக்குக் கிட்டவில்லை. 1987 யூலையில், ஸ்கொத்லாந்தின் மியூர்பீல்ட் மைதானத்திலே, பிரித்தானிய ஓப்பன் போட்டியின் இறுதி நாளிற் பதினெட்டுக் குழிகளையும் அவ்வவற்றுக்கு வகுத்த அடிகளிலேயே முடித்து, ஓரடி வித்தியாசத்தில் வாகை சூடினார். அதன்பின் மேலும் ஐந்து பெரும் பட்டங்கள் அவரை வந்தடைந்தன. டைகர் வூட்ஸ் 1997இல் மாஸ்டர்ஸ் போட்டியைப் பன்னிரண்டு அடி வித்தியாசத்தில் வென்ற பின்னரும் தம் வீச்சைத் திருத்தப் புகுந்தார். 1998இல் அமெரிக்கச் சுற்றில் அவருக்குக் கிடைத்தது ஒரே வெற்றி. 2000ஆம் ஆண்டில் அமெரிக்க ஓப்பன் போட்டியைப் பதினைந்து அடி வித்தியாசத்தில் வென்றார்.

அப்படியாயின் ஆசான் சொல்வதெல்லாம் வேதமோ எனின், அவ்வாறு நாம் கூறோம். பந்து புறப்படுந் திசையைக் கோலின் பாதையே தீர்மானிக்கும் என்று நெடுங்காலம் கற்பித்தவர் பலர். ராடார் கருவிகள் அளந்து காட்டிய பின்னரே, பெரும்பாலும் அதனைத் தீர்மானிப்பது கோலின் முகம் என்பது தெளிவாயிற்று. ஆகவே ஆசானைத் தேருமுன் ஆராய்தல் வேண்டும். திருத்தத்திற்குக் காரணம் வினவுதல் வேண்டும். தேர்ந்த பின்னரோ அத்திருத்தத்திற்கு ஒரு தவணையேனும் கொடுத்தல் வேண்டும்.

தவணை என்றதும் நம் கல்லூரி நினைவுக்கு வருகின்றது. விடையை மனனஞ் செய்தே கணிதத்திற் புள்ளி பெற்ற மாணவனை ஆசிரியர் வழிமுறையை எழுதச் செய்தால், அத்தவணையில் அவன் புள்ளி குறையக்கூடும். உடனே பெற்றார் அவனை வேறொரு தனியார் வகுப்பிற் சேர்க்கின்றனர். அங்கே பழைய மனனம் மீண்டுந் தொடங்குகின்றது. குறுக்கே துடுப்பை வீசும் சிறுவனை நேராக ஆடப் பழக்கினால், சில வாரம் அவன் ஓட்டமின்றி ஆட்டமிழப்பான். அப்பொழுது எல்லைக்கோட்டருகே நின்று, “பழையபடி அடியடா தம்பி!” என்று கூவுவோர் யார்? பழைய மாணவராகிய நாமே. பயிற்றுநர் மாதக்கணக்கிற் செய்த வேலையை அவ்வொரு கூவல் குலைத்துவிடுகின்றது.

கல்லூரிக்குக் கட்டடமும் நூல்நிலையமும் நாம் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். அவற்றோடு, திருந்திக்கொண்டிருக்கும் பிள்ளைக்குச் சில காலம் தோற்கும் உரிமையையும் கொடுப்போமாக. அதற்குப் பணம் வேண்டியதில்லை. அடுத்த ஆட்டத்தின்போது எல்லைக்கோட்டருகே வாய் திறவாது நிற்றலும் பழைய மாணவர் செய்யத்தக்க தொண்டுகளுள் ஒன்றேயாம்.