வாட்டர் ப்ரூப் கேமராவும் அடுக்கம் மலைச் சாலையும்

கம்ப்யூட்டர் வாங்கிச் சில மாதங்கள் ஆனதும், அதனுடன் இணைத்துப் பயன்படுத்த வேறு என்ன வாங்கலாம் என்று மனம் தேடத் தொடங்கும். பிரிண்டர், வெப் கேமரா, ஸ்பீக்கர் என்று வரிசையாக வரும். சைக்கிள், பைக் ஓட்டும் பழக்கம் உள்ளவர்கள் என்றால் இந்த வரிசையில் ஆக் ஷன் கேமராவும் நிச்சயம் இடம் பெறும். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய அளவில், ஹேண்டில் பாரில் மாட்டிக் கொண்டு, ஓட்டுவதை எல்லாம் வீடியோவாகப் பதிவு செய்திடும் சின்னக் கேமரா. இதில் விலை குறைந்த ஒன்றை நான்காயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக வாங்கிச் சோதித்துப் பார்த்தேன். அட்டைப் பெட்டியில் மிகப் பெரிய எழுத்தில் இருந்த இரண்டு விஷயங்கள்: 4கே, வாட்டர் ப்ரூப் 30 மீட்டர். இந்த இரண்டில் ஒன்று என் பணத்தை வீணாக்கியது. இன்னொன்று என்னை ஒரு ஜீப்புக்கு அடியில் தள்ளப் பார்த்தது. மழையில் நனையாத கேமராதான் வேண்டும் என்று கடைக்குச் செல்பவர்கள் இதனைப் படித்துவிட்டுச் செல்லவும்.

முதலில் இந்த வகைக் கேமரா எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம். கடல் அலையில் சறுக்கி விளையாடும் நிக் உட்மேன் என்ற அமெரிக்கர் 2002 ஆம் ஆண்டில் தொடங்கிய நிறுவனம் கோப்ரோ. 2004ல் வந்த அதன் முதல் கேமரா டிஜிட்டல் கேமரா கூட இல்லை. 35 மி.மீ. பிலிம் போட்டு, மணிக்கட்டில் கட்டிக் கொள்ளும் கேமரா. கடலுக்குள் இறங்குபவருக்காகச் செய்ததால் தண்ணீர் புகாத கூடு அதற்குக் கட்டாயம் தேவைப்பட்டது. அந்தக் கூடு அப்படியே இந்த வகைக் கேமராக்களின் அடையாளம் ஆகிவிட்டது. பின்னர் வந்த விலை குறைந்த கேமராக்கள் எல்லாம், யார் வாங்கினாலும், எதற்கு வாங்கினாலும், அதே போன்ற ஒரு பிளாஸ்டிக் கூட்டுடன் வருகின்றன. கேமராவுக்குத் தண்ணீர் ஆகாது. கூட்டுக்குள் பூட்டிவிட்டால் ஆகும். பெட்டியில் எழுதியிருக்கும் 30 மீட்டர் என்பது கூட்டுக்கு உரியது, கேமராவுக்கு அல்ல. இதனைத் தெரிந்து கொள்ளாமல் வெறும் கேமராவைக் குழாயடியில் கழுவிய நண்பர் ஒருவர் எனக்கு உண்டு.

சோதனைக்கு நான் தேர்ந்தெடுத்தது சொந்த ஊரான பெரியகுளத்திலிருந்து கும்பக்கரை, அடுக்கம் வழியாகப் பெருமாள்மலைக்கு ஏறும் சாலை. வத்தலக்குண்டு வழியாகச் சுற்றாமல் கொடைக்கானலுக்குச் செல்ல உதவும் வழி இது. குறுகலானது, ஏற்றமும் கொண்டை ஊசி வளைவுகளும் அதிகம், மழைக் காலத்தில் மண் சரிந்து அடைபடுவதும் உண்டு. கும்பக்கரை தேனி மாவட்டம். ஏறி அடுக்கம் வந்தால் திண்டுக்கல் மாவட்டம், கொடைக்கானல் தாலுகா. அடிவாரத்தில் வியர்வை, மேலே மேகம். கேமராவைச் சோதிக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

அக்டோபர் முதல் வாரம், ஞாயிற்றுக்கிழமை. முந்தைய இரவு மழை பெய்திருந்தது. முதல் நாளே கூட்டுக்குள் கேமராவை வைக்காமல், ஒரு டிஷ்யூ பேப்பரை மட்டும் மடித்து வைத்துப் பூட்டி, பக்கெட் தண்ணீரில் அரை மணி நேரம் அமுக்கி வைத்தேன். பேப்பர் நனையவில்லை. (கூட்டைச் சுற்றி உள்ள ரப்பர் வளையத்தில் ஒரு தலைமுடி ஒட்டியிருந்தாலும் தண்ணீர் கசியும். எனவே புதுக் கேமரா வாங்குபவர்கள் அனைவரும் இந்தச் சோதனையைச் செய்திட வேண்டும்.) பாஸாகிவிட்டது என்ற மகிழ்ச்சியில், கூட்டைத் துடைத்து, கேமராவை உள்ளே வைத்து, வீட்டிலேயே பூட்டிக் கொண்டு காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். நானும் என் சித்தப்பா மகனும்.

கும்பக்கரை வரை பிரச்னை ஏதுமில்லை. அருவிக்குச் செல்லும் வழியில் குரங்குகள் கேமராவில் காட்டிய அக்கறையைத் தவிர. அதன் பின் ஏற்றம் தொடங்கியது. ஒன்றரை மணி நேரம் மிதித்திருப்போம். மேகம் இறங்கிக் காற்று குளிர்ந்தது. கேமராவைப் பார்த்தால் லென்ஸுக்கு முன்னே வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. வெளியில் இருக்கும் பனி என்று நினைத்து, ஒரு கையால் ஹேண்டில் பாரைப் பிடித்துக் கொண்டு, இன்னொரு கையின் கட்டை விரலால் துடைத்தேன். போகவில்லை. குனிந்து மீண்டும் துடைத்தேன். அந்த நேரத்தில் நான் ஒரு வளைவின் நடுவில் இருந்தேன். சைக்கிள் மெதுவாக வலது பக்கம் போய்க் கொண்டிருந்தது. பின்னால் வந்த தம்பி, ""அண்ணே, லெஃப்ட்டு! லெஃப்ட்டு வாண்ணே!'' என்று கத்தினான். மேலிருந்து ஜீப் ஒன்று இறங்கி வந்தது. இடது பக்கம் ஒடித்து, மழைநீர் ஓடும் கால்வாயில் முன் சக்கரத்தை இறக்கி, முழங்கால் சிராய்ப்புடன் தப்பித்தேன். ஜீப்பை நிறுத்திய டிரைவர், ""தம்பி, ரோட்டைப் பாத்து ஓட்டுங்க. பொம்மையை அப்புறம் துடைச்சிக்கலாம்'' என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் மீது எந்தத் தவறும் இல்லை. ஹாரன் அடித்துக் கொண்டுதான் வந்தார்.

அடுக்கத்தில் டீக்கடை ஒன்றில் உட்கார்ந்து கேமராவைக் கழற்றினேன். படிந்திருந்தது கூட்டின் உள்பக்கம்.

இதன் காரணம் எளிமையானது. நான் கூட்டைப் பூட்டியது மழை பெய்த இரவுக்குப் பிந்தைய காலை, ஈரக் காற்று நிறைந்த வீட்டில். அந்தக் காற்றையும் சேர்த்துத்தான் பூட்டியிருக்கிறேன். 27 டிகிரி வெப்பத்தில் 80 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று, சுமார் 23 டிகிரிக்குக் குளிர்ந்தாலே அதில் உள்ள நீராவி நீர்த்துளியாக மாறத் தொடங்கிவிடும். மலையில் ஆயிரம் மீட்டர் ஏறினால் பொதுவாக ஆறு டிகிரிக்கு மேல் வெப்பம் குறையும். மேகம் வேறு. இதற்கிடையே ஓடிக் கொண்டிருக்கும் கேமரா சூடாகி, உள்ளே மிச்சமிருக்கும் ஈரத்தையும் ஆவியாக்குகிறது. அந்த ஆவி, கூட்டில் மிகக் குளிர்ந்த இடத்தில் போய்ப் படிகிறது. காற்று நேராக வந்து அடிக்கும் முன்பக்கம்தான் அந்த இடம். அதாவது லென்ஸுக்கு நேர் எதிரே. தண்ணீரை உள்ளே விடாத கூடு, உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியேயும் விடுவதில்லை. பக்கெட் சோதனையில் நூற்றுக்கு நூறு வாங்கிய கூடு, மலையில் தோற்றது இதனால்தான்.

அட்டைப் பெட்டியில் இதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. 30 மீட்டர் ஆழம் என்று எழுதத் தெரிந்தவர்களுக்கு, ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டுக் கொள்ளவும் என்று எழுத இடமில்லையா? நம் ஊரில் இதை வாங்கும் நூறு பேரில் எத்தனை பேர் கடலுக்குள் 30 மீட்டர் இறங்கப் போகிறார்கள்? ஆனால் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் மூணாறுக்கும் போகாதவர் யார்?

இனி 4கே. 4கே வீடியோவின் ஒரு பிரேமில் 3840 x 2160, அதாவது ஏறத்தாழ 83 லட்சம் புள்ளிகள். இதைப் பதிவு செய்திட சென்ஸாரில் குறைந்தது எட்டு மெகா பிக்ஸெலுக்கு மேல் வேண்டும். நான்கு மெகா பிக்ஸெல் சென்ஸாரை வைத்துக் கொண்டு 4கே என்று எழுதினால், மிச்சப் புள்ளிகளைக் கேமராவில் உள்ள சாப்ட்வேர் தானே இட்டு நிரப்புகிறது என்று பொருள். இதற்கு இன்டர்போலேஷன் என்று பெயர். வீட்டிற்கு வந்து கம்ப்யூட்டரில் பைலின் மீது ரைட் கிளிக் செய்து, பிராப்பர்டீஸ், டீடெய்ல்ஸ் என்று போய்ப் பார்த்தால் 3840 என்றுதான் காட்டும். அதை நம்பிவிட வேண்டாம். ஒரே இடத்தை 4கேயிலும் 1080பியிலும் எடுத்து, இரண்டையும் பெரிதாக்கி அருகருகே வைத்துப் பாருங்கள். என் கேமராவில் சாலை ஓர மைல் கல்லில் உள்ள எழுத்து இரண்டிலும் ஒரே அளவுக்குத்தான் தெரிந்தது. பைல் மட்டும் பெரிதாக இருந்தது. எனவே 1080பி போதும். நொடிக்கு 16 மெகாபிட் என்ற அளவில் பதிவானால் ஒரு மணி நேரத்திற்கு ஏறத்தாழ 7 ஜிபி ஆகும். 32 ஜிபி கார்டில் நான்கு மணி நேரத்திற்கு மேல் பதியலாம். ஆனால் பேட்டரி எழுபது நிமிடம் கூடத் தாங்கவில்லை. கூடுதலாக ஒரு பேட்டரி இல்லாமல் கிளம்புவதில் பயனில்லை.

கார்டில் ஒரே பயணம் நான்கைந்து பைல்களாகத் துண்டாகிக் கிடப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எப்ஏடி32 முறையில் பார்மட் செய்யப்பட்ட கார்டில் ஒரு பைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. அதனால் கேமரா தானாகவே அடுத்த பைலைத் தொடங்குகிறது. தேதியையும் நேரத்தையும் முன்பே சரி செய்து கொள்ளுங்கள். நான் மறந்துவிட்டேன், என் வீடியோக்கள் எல்லாம் ஜனவரி முதல் தேதி நள்ளிரவில் எடுத்ததாக, பட்டப்பகல் வெயிலுடன் இருக்கின்றன.

பெட்டியில் சின்ன எழுத்தில் இருந்த ஒரு விஷயம்தான் உண்மையில் முக்கியம்: ஸ்டெபிலைசேஷன். கேமரா ஆடுவதை அதனுள் இருக்கும் கைரோ சென்ஸார் அளந்து, ஒவ்வொரு பிரேமையும் சற்று நகர்த்தி வெட்டி, படம் ஆடாமல் செய்திடும். பார்வைப் பரப்பு கொஞ்சம் குறையும், பரவாயில்லை. இது என் கேமராவில் இல்லை. குண்டும் குழியுமான இடங்களில் எடுத்த வீடியோவை என் அம்மா அரை நிமிடம் பார்த்துவிட்டுத் தலை சுற்றுகிறது என்று எழுந்து போய்விட்டார். சைக்கிளுக்குக் கேமரா வாங்குபவர், தண்ணீருக்குக் கொடுக்கும் காசை இதற்குக் கொடுக்கலாம் என்பது என் கருத்து. தூறலுக்கு ஒரு பிளாஸ்டிக் கவர் போதும். பெருமழையில் அந்தச் சாலையில் சைக்கிள் ஓட்டக் கூடாது. கேமரா நனைவது அங்கே பெரிய கவலை அல்ல. கூடு இல்லாமல் வெறும் சட்டத்தில் மாட்டினால் பனி படியும் தொல்லையும் பெரும்பாலும் இல்லை, ஒலியும் தெளிவாகப் பதியும்.

இன்னொன்று. கேமராவை ஹேண்டில் பாருக்கு மேலே, கண்ணுக்கு எதிரே மாட்டாதீர்கள். சிவப்பு விளக்கு எரிகிறதா, ஸ்கிரீனில் என்ன தெரிகிறது என்று கை போகும், கண் போகும். இப்போது நான் ஹேண்டில் பாருக்குக் கீழே தலைகீழாக மாட்டி, மெனுவில் படத்தைத் திருப்பும் வசதியைப் போட்டுக் கொள்கிறேன். பார்க்க வேண்டும் என்றால் இறங்கித்தான் பார்க்க வேண்டும்.

அன்று பெருமாள்மலை வரை போய், அங்கே கூட்டைத் திறந்து துடைத்து, அரை மணி நேரம் உலர வைத்து, அந்தக் குளிர்ந்த காற்றிலேயே மூடி இறங்கினோம். கீழே போகப் போகச் சூடு ஏறுவதால் உள்ளே பனி படியவில்லை. வெளிப்பக்கம் இரண்டு முறை படிந்தது. இரண்டு முறையும் சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டுத் துடைத்தேன். இறங்கும்போது எடுத்த அந்த வீடியோ, ஆட்டத்தைத் தவிர, நன்றாகவே இருக்கிறது. ஏறும்போது எடுத்ததில் ஜீப் வந்த இடத்தைத் தேடிப் பார்த்தேன். முழுவதும் வெள்ளை. பழைய டிவியில் வருவது போல. ஹாரன் ஒலி, கூட்டுக்குள்ளிருந்து கேட்பதால் எங்கோ தூரத்தில் கேட்பது போல இருக்கிறது. பிறகு என் தம்பியின் குரல். அந்த ஒரு பைலை மட்டும் டெலீட் செய்யாமல் வைத்திருக்கிறேன்.