வேலியோரத்தில் எதை நடலாம்?

புது வீட்டுச் சாவி கைக்கு வந்தாயிற்று. கார் நிறுத்தும் இடத்துக்குச் சிமெண்டும் போட்டாயிற்று. மிச்சம் இருப்பது வேலியோரம் இரண்டடி அகலத்தில் ஒரு துண்டு மண். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கே போவோம்? சுங்கை பூலோ நர்சரிகளுக்குத்தான்! கண்ணில் பட்ட பூச்செடிகளில் பத்தைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவோம். கொஞ்ச நாளில் சில வாடிவிடும். சில, பக்கத்து வீட்டுச் சுவரைத் தாண்டிவிடும்.

பணப்பையைத் திறப்பதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலாவது, வெயில் எந்தப் பக்கம்? கோலாலம்பூரில் மார்ச் இறுதியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். மற்ற மாதங்களில் தெற்கே. அதனால், தெற்குப் பார்த்த சுவரை ஒட்டிய மண்ணுக்கு டிசம்பரில் நல்ல வெயில். ஜூனில் அதே இடம் பெரும்பாலும் நிழல். இன்று அடிக்கும் வெயிலை மட்டும் நம்பிச் செடி வாங்காதீர்கள். செம்பருத்திக்கும் இட்லிப்பூவுக்கும் வெயில் வேண்டும். நிழல் வந்து போகும் இடத்தில் பாண்டானும் மஞ்சளும் வளரும், சமையலுக்கும் ஆகும்.

இரண்டாவது, வளர்ந்த பிறகு எவ்வளவு இடம் பிடிக்கும்? நர்சரியில் முழங்கால் உயரம் நிற்கும் கறிவேப்பிலை, நிலத்தில் விட்டால் நம்மைவிட உயரமான மரமாகிவிடும். வேரிலிருந்து புதுக் கன்றுகளும் கிளம்பும். அதற்குப் பெரிய தொட்டியே நல்லது. வேம்பு வேண்டவே வேண்டாம். அது இரண்டடி மண்ணுக்குள் அடங்கும் மரம் அல்ல. பத்தடி நீள வேலிக்கு ஐந்து இட்லிப்பூச் செடிகள் அல்லது மூன்று செம்பருத்தி போதும்.

மூன்றாவது, வீட்டில் யார் இருக்கிறார்கள்? பூஜைக்கு ஆகும் என்று அரளி வைப்பவர்கள் உண்டு. அதன் இலை, பூ, தண்டு, விதை எல்லாமே நச்சு; இதயத்தையே பாதிக்கும். கையில் கிடைத்ததை வாயில் போடும் குழந்தை இருந்தால் அரளியைத் தவிருங்கள். சாமிக்கு வைக்கச் செம்பருத்தியும் இட்லிப்பூவும் இருக்கவே இருக்கின்றன. அன்னாசிச் செடி போன்ற புரோமிலியாட் அழகுதான். ஆனால் அதன் இலைகளுக்கு நடுவே மழைநீர் தேங்கும். ஏடிஸ் கொசுவுக்கு அது போதும். வாரம் ஒருமுறை அந்த நீரை வெளியேற்ற முடியாதவர்கள் வாங்காமல் இருப்பதே மேல்.

இனி மண். புதுத் தாமான்களில் புல்லுக்கு அடியில் மணலும் செங்கல் துண்டும்தான் அதிகம். ஓர் அடி ஆழம் தோண்டி, கல்லைப் பொறுக்கி, மக்கிய உரம் கலந்துவிட்டு நடுங்கள்.

முதல் வருடம் வேலியோரம் வெறிச்சென்றுதான் இருக்கும். யாராவது கேட்டால், "செடி வளர இடம் விட்டிருக்கிறோம்" என்று சொல்லுங்கள். அடுத்த வருடம் பூ பறிக்க அவர்களையும் கூப்பிடுங்கள்.