வீடு கொடுக்காத நாடு

1989 நவம்பர் 9. கிழக்கு பெர்லினில் உள்ள 'கினோ இன்டர்நேஷனல்' தியேட்டரில் ஒரு புதுப்படம் ரிலீஸ். பெயர் 'கமிங் அவுட்'. இன்னொரு ஆணை நேசிக்கும் பள்ளி ஆசிரியரின் கதை. கிழக்கு ஜெர்மனியில் இந்த விஷயத்தை நேரடியாகப் பேசிய முதல் கதைப்படம் அதுதான். அதே இரவில்தான் பெர்லின் சுவரும் திறந்தது!

அன்றைக்கு ஐம்பது வயதில் இருந்த தன்பாலின ஈர்ப்பாளர்களை நினைத்துப் பாருங்கள். இளமை முழுக்க அந்த சோஷலிச நாட்டிலேயே கழிந்துவிட்டது.

இத்தனைக்கும் சட்டம் அவ்வளவு மோசமில்லை. வயது வந்த இரு ஆண்களின் உறவு குற்றமல்ல என்று கிழக்கு ஜெர்மனி 1968-லேயே மாற்றிவிட்டது. மேற்கு ஜெர்மனி மாறியது அதற்கு அடுத்த வருடம்தான். அப்புறம் என்ன கஷ்டம் என்கிறீர்களா? வீடுதான் கஷ்டம்.

அங்கே வீடு ஒதுக்குவது அரசாங்கம். கல்யாணமானவர்களுக்கும் குழந்தை உள்ளவர்களுக்கும்தான் முன்னுரிமை. 1972 முதல் இளம் தம்பதிகளுக்கு 5,000 மார்க் வட்டியில்லாக் கடன் வேறு. குழந்தை பிறந்தால் கடனில் தள்ளுபடியும் உண்டு. ஒரே கூரையின் கீழ் சேர்ந்து வாழ ஆசைப்பட்ட இரண்டு பெண்களுக்கு அந்த வரிசையில் சுலபத்தில் இடம் கிடைக்காது. ஊருக்காகக் கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று, மனதைப் பூட்டி வைத்தவர்கள் உண்டு. 1980-களில் கூடிப் பேச இடம் கொடுத்தவை சில தேவாலயங்கள். அங்கேயும் 'ஸ்டாசி' ரகசியப் போலீஸின் ஒற்றர்கள் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார்கள்.

சுவர் விழுந்ததும் எல்லாம் சரியாகிவிட்டதா? ஒன்றுபட்ட ஜெர்மனியில் இணையராகப் பதிவு செய்ய 2001 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. திருமண உரிமை 2017-ல்தான் வந்தது. 1989-ல் ஐம்பது வயதானவருக்கு அப்போது 78. உரிமை வந்தபோது கைகோத்துப் பதிவு அலுவலகம் போக, துணை உயிரோடு இருக்க வேண்டுமே!

வயதானபின் இன்னொரு பயமும் சேர்ந்துகொள்கிறது. முதியோர் இல்லத்துக்குப் போனால், பக்கத்துக் கட்டில்காரர் என்ன நினைப்பாரோ என்று மறுபடியும் மறைக்க வேண்டுமே என்ற பயம். இதை யோசித்துத்தான் 2012-ல் பெர்லினில் ஒரு குடியிருப்பைத் திறந்தார்கள். வயதான தன்பாலின ஈர்ப்பாளர்கள் இளையவர்களோடு சேர்ந்து வாழும் இடம் அது. ஞாபகமறதி நோய் வந்தவர்களைக் கவனித்துக்கொள்ளவும் அங்கே தனிப் பகுதி உண்டு.

அங்கே மேஜையில் இருக்கும் பழைய போட்டோவைக் காட்டி, 'இவர் யார்?' என்று யாராவது கேட்டால், 'சிநேகிதர்' என்று சமாளிக்க வேண்டியதில்லை. தள்ளாத வயதில் அதுவே பெரிய நிம்மதி, இல்லையா?