முள் காட்டுவது மெய்யா?

நம் மாவட்டத்தில் தொழில் செழிக்கிறது என்று மேடைதோறும் கேட்கிறோம். உண்மைதான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் காக்களூர் தொழிற்பேட்டையிலும் இரவு பகலாக இயந்திரங்கள் ஓடுகின்றன. ஆனால் கொதிகலனும் கம்ப்ரசரும் ஹைட்ராலிக் பிரஸ்ஸும் இருக்கும் இடமெல்லாம், வட்ட முகமும் ஒற்றை முள்ளும் கொண்ட ஒரு சிறு கருவியை நம்பியே தொழிலாளி நிற்கிறான் என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

அதுதான் பிரஷர் கேஜ். 1849-இல் பிரான்சு நாட்டுப் பூர்தோன் என்பவர் காப்புரிமை பெற்ற வளைந்த குழாய்தான் இன்றும் அதன் உள்ளே இருக்கிறது. அழுத்தம் ஏறினால் குழாய் நிமிரப் பார்க்கும், முள் நகரும். அதிர்விலும் வெப்பத்திலும் நாளடைவில் அக்குழாய் சோர்ந்து போகிறது. நின்றுபோன கடிகாரத்தைப் பார்த்தவுடன் தெரிந்துகொள்கிறோம். பிழையாகக் காட்டும் கேஜோ நல்ல கேஜைப் போலவே முகம் காட்டும்! அதனால்தான் அளவுத்திருத்தம், தொழிலாளர் பேச்சில் 'கேலிபரேஷன்', தேவையாகிறது.

எங்கள் தெரு அண்ணன் ஒருவர் இவ்வேலை செய்கிறார். ஒரு பெட்டியோடு கும்மிடிப்பூண்டி ரயிலில் போய்வருவார். பெட்டியில் இருப்பது ஒரு கைப்பம்பு. அதன் ஒரு வாயில் துல்லியமான கேஜ். மறு வாயில் சோதிக்க வேண்டிய கேஜ். நீரோ எண்ணெயோ நிரப்பி, உள்ளே தங்கிய காற்றை முதலில் வெளியேற்ற வேண்டும். காற்று இருந்தால் கைப்பிடி ஸ்பிரிங் போல் துள்ளும். முள்ளும் ஓரிடத்தில் நிற்காது. ஆக்சிஜன் கேஜ் என்றால் எண்ணெய் கூடவே கூடாது, தீப்பற்றும்.

கைப்பிடியை அழுத்தி அழுத்தி 25, 50, 75, 100 என்று ஏற்றுவார். கடைசி நூலளவைத் திருகு ஒன்றால் சரிசெய்வார். முள் நிலைக்கும்வரை பொறுத்து, கண்ணாடியை விரலால் மெல்லத் தட்டிவிட்டுக் குறிப்பார். பிறகு அதே படிகளில் இறங்கி வருவார். ஏறும்போது ஓர் அளவும் இறங்கும்போது வேறோர் அளவும் காட்டும் கேஜ்கள் உண்டு. 100 பார் என்பது, விரல் நகம் அளவான இடத்தின்மேல் நூறு கிலோ நெல் மூட்டையை வைப்பதற்குச் சமம். ஆகவே திறப்பு வால்வை மெதுவாகத் திறந்து, முள் சுழிக்கு வந்த பிறகே இணைப்பைக் கழற்றுவார்.

ஒரு கேஜுக்கு இவ்வளவு வேலை. ஒரு தொழிற்சாலையில் அவரிடம் சொன்னது என்ன தெரியுமா? "ஸ்டிக்கரை ஒட்டிட்டுப் போங்க தம்பி, ஆடிட்டுக்கு அது போதும்." மறுத்ததால் அந்த வேலை வேறொருவருக்குப் போயிற்று. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு, பாதுகாப்பான அழுத்தத்தை மீறாதிருக்க வழி செய்யவேண்டும் என்று அன்றே எழுதிவைத்தது. முள்ளே பொய் சொன்னால் எதை வைத்து மீறலை அறிவது?

குற்றத்தை முதலாளிமேல் மட்டும் சுமத்திவிட முடியாது என்பது என் கருத்து. கேஜுக்கு இவ்வளவு என்று கூலி பேசும் வழக்கமே கோளாறு. எண்ணிக்கைக்குக் காசு என்றால், பொறுத்து நிற்பவன் நஷ்டப்படுவான். ஒட்டிவிட்டு ஓடுபவன் பிழைப்பான். நாளுக்கு இவ்வளவு என்று பேசட்டும். சான்றிதழில் திருத்திய பிறகு காட்டிய அளவை மட்டும் எழுதாமல், திருத்துமுன் காட்டியதையும் எழுதட்டும். 100 பார் கேஜ் ஒன்று 6 பார் குறைத்துக் காட்டிக்கொண்டிருந்தது என்று தெரிந்தால்தானே, இத்தனை நாள் அந்த இயந்திரம் எவ்வளவு கூடுதலாக உழைத்தது என்று மேற்பார்வையாளர் கேட்பார்?

நம் பங்கும் உண்டு, நண்பர்களே. பாஸ்கல் விதியை மனப்பாடமாக எழுதி மதிப்பெண் வாங்குகிறோம். படிப்பு முடித்தபின் நம்மில் பலர் இதே சிப்காட்டில்தான் வேலை தேடப் போகிறோம். அங்கே கைப்பம்பைப் பிடிக்கத் தெரியாமல் விழிக்கிறோம். (வணிகவியல் நண்பர்கள் சிரிக்க வேண்டாம், அந்த பில்லுக்குக் கையெழுத்திடப் போவது நீங்கள்தான்!) இயற்பியல் ஆய்வுக்கூடத்துக்கு அடுத்த ஆண்டு வாங்கும் கருவிகளில் ஒரு கைப்பம்பையும் இரண்டு கேஜ்களையும் சேர்க்குமாறு துறைத்தலைவர் அவர்களை இம்மலர் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். இரண்டில் ஒன்று பழுதடைந்த கேஜாக இருந்தால் இன்னும் நல்லது.