வாளித் தண்ணீரும் முட்டையும்

சென்ற மாதம் நம் விடுதியில் ஒரே இரவில் எழுவர் வயிற்றுப்போக்கால் அவதியுற்றனர். பழி முட்டையின்மேல் விழுந்தது. முட்டைதான் குற்றவாளி என்று சோதித்து மெய்ப்பித்தவர் எவருமில்லை. ஆயினும் உணவுக் குழுவினர் உடனே மருந்து கண்டுபிடித்துவிட்டனர். இனி வாங்கும் முட்டைகளையெல்லாம் இரவே பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் ஊறவைத்து, தேய்த்துக் கழுவி அடுக்கிவிட வேண்டுமாம். இம்மாதக் கடைசி ஞாயிறன்று இது தீர்மானமாக வருகிறது. நுண்ணுயிரியல் படிப்பவன் என்ற முறையிலும், நாமக்கல்லிலிருந்து வந்தவன் என்ற முறையிலும் (எங்கள் பக்கம் முட்டைப் பேச்சில்லாமல் பொழுது விடியாது) இதை நான் எதிர்க்கிறேன்.

முட்டை ஓடு பார்வைக்குக் கெட்டிதான். ஆனால் அதில் ஏறக்குறையப் பத்தாயிரம் நுண்துளைகள் உண்டு. குஞ்சு மூச்சுவிட இயற்கை வைத்த வழி அது. அத்துளைகளின் வாயை அடைத்தாற்போல மெல்லிய படலம் ஒன்றைப் பூசித்தான் கோழி முட்டையிடுகிறது. தேய்த்துக் கழுவினால் அப்படலம் சேதமாகும். அதைவிடப் பெரிய கேடு தண்ணீரின் குளிர்ச்சியில் இருக்கிறது. அடுப்பங்கரைச் சூட்டில் இருந்த முட்டையை இந்த வடநாட்டுக் குளிர்காலத்துத் தொட்டித் தண்ணீரில் போட்டால் உள்ளிருப்பது சுருங்கும். சுருங்கும்போது வெளித் தண்ணீரை, அதில் கரைந்த எச்சத்தோடும் கிருமியோடும், துளைவழியே உள்ளே இழுக்கும். ஓட்டின்மேல் கிடந்த சால்மொனெல்லாவை நாமே கைபிடித்து உள்ளே அழைத்த கதைதான்.

அமெரிக்காவில் கழுவுகிறார்களே என்பீர்கள். உண்மை. ஆனால் அங்கே தண்ணீர் 32 டிகிரி செல்சியசுக்குக் குறையக்கூடாது, முட்டையைவிட 11 டிகிரியாவது கூடுதலாக இருக்கவேண்டும், ஊறவைக்கவே கூடாது. பின்பு உலர்த்தி, 7 டிகிரிக் குளிரில் வைக்கவேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்திலோ முதல்தர முட்டையைக் கழுவக்கூடாது என்பதே பொதுவிதி. நம் வாளி இரண்டு கட்சியிலும் சேராது.

பிளீச்சிங் பவுடரைப் பற்றியும் ஒரு வார்த்தை. எச்சமும் அழுக்கும் பட்ட மாத்திரத்தில் குளோரின் வீரியம் இழக்கும். முதல் அட்டை முட்டைக்கு மருந்து. பத்தாவது அட்டைக்கு வெறும் அழுக்குத் தண்ணீர். புறஊதா விளக்கு வாங்கலாம் என்கிறார் பௌதிக மாணவர் ஒருவர். நல்ல விளக்குதான், ஆனால் ஒளி பட்ட இடத்தில்தான் வேலை செய்யும், ஒட்டிய எச்சத்தின் நிழலில் கிருமி சுகமாக உறங்கும். மேலும் சில வேளைகளில் சால்மொனெல்லா கோழியின் சினைப்பையிலிருந்தே முட்டைக்குள் வந்துவிடுகிறது. ஓட்டை எவ்வளவு கழுவி என்ன? நெருப்பு ஒன்றே அதற்கு மருந்து.

விரிசல் விட்டதையும் எச்சம் அப்பியதையும் கடைக்காரரிடமே திருப்பிவிடுவோம். மற்றவற்றைக் கழுவாமல் குளிர்பெட்டியில் வைப்போம். முட்டை உடைத்தவர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவட்டும். நம் சமையற்கட்டில் இன்று சோப்பே கிடையாது. ஒரே துணியில் கையும் தட்டும் துடைபடுகின்றன. அது சமையற்காரரின் குற்றமன்று, சோப்புக்குப் பணம் ஒதுக்காத நம்முடைய குற்றம். பவுடருக்கு ஒதுக்கும் தொகையை அதற்கே கொடுக்கலாம். வெண்கருவும் மஞ்சட்கருவும் கெட்டியாகும்வரை வேகட்டும். ஆம், ஆப்பாயில் போய்விடும்! எனக்கும் வருத்தந்தான், ஊர் நினைவு வரும்போதெல்லாம் நான் கேட்டு வாங்கித் தின்றது அதுவே.

ஞாயிறன்று தீர்மானத்தை எதிர்த்து நான் ஒருவனே கைதூக்கும்படி விட்டுவிடாதீர்கள்.