மாரி வருகுது, ரயரைப் பாருங்கள்



மோட்டார் சைக்கிளுக்கும் ஜீப்புக்கும் கட்டை கட்டையாகப் பல் வைத்த ‘ஓல் ரெறெயின்’ ரயர் போடுவது எங்கள் பிள்ளைகளிடையே ஒரு மோகமாகிவிட்டது. "எந்தப் பாதையிலும் ஓடும் சேர்" என்று பழைய மாணவர்கள் பெருமையோடு காட்டுகிறார்கள். ஆசிரியர்களாகிய நாங்கள் கேட்பது ஒன்றுதான்: தம்பிமாரே, நீங்கள் நாளாந்தம் ஓடுகிற பாதை எது?

பத்தாம் தரத்தில் உராய்வு படித்ததை நினைத்துப் பாருங்கள். கட்டைப் பற்களுக்கு நடுவே பெரிய இடைவெளி உண்டு. சேற்றில் அது தேவைதான். பல் ஊன்றும், சேறு இடைவெளியால் வெளியேறும். ஆனால் காபெட் வீதியில் அதே இடைவெளியால் தரையைத் தொடுகிற ரப்பர் குறைகிறது. பிரேக் பிடிக்கும்போது உயரமான பற்கள் நெளிகின்றன. அதனால் நனைந்த தாரில், நல்ல வீதி ரயரை விட இது நிற்பதற்குப் பெரும்பாலும் கூடுதல் தூரம் எடுக்கும். இரைச்சல் கூடும், பெற்றோலும் கூடுதலாகக் குடிக்கும்.

மணலில் கதை வேறு. மணற்காட்டுப் பக்கம் உலர்ந்த மணலில் பல் பிடிப்பதை விடத் தோண்டுவதே அதிகம். அங்கே உதவுவது காற்றைக் குறைப்பது. ரயர் பரந்து மணலுக்கு மேலே நிற்கும். தார் வீதிக்கு ஏறியதும் திரும்பக் காற்றடிக்க வேண்டும். இல்லாவிட்டால் ரயர் சூடேறி வெடிக்கக்கூடும். நெடுந்தீவின் கல் வீதிகளுக்கும் வடமராட்சி கிழக்கின் உட்பாதைகளுக்கும் தினமும் போகிறவர்கள் பக்கச்சுவர் தடித்த இந்த ரயரைப் போடுவதில் நியாயம் இருக்கிறது. ஸ்ரான்லி வீதியில் ஓடுகிறவருக்கு அது எதற்கு?

"கனடாவில் எல்லாரும் இதுதானே போடுகினம்" என்றும் சொல்கிறார்கள். அங்குள்ள சொந்தங்களைக் கேட்டுப் பாருங்கள். வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே போனால் சாதாரண ரப்பர் இறுகத் தொடங்கும், பல் எவ்வளவு பெரிதானாலும் பிடிக்காது. பனியில் பிடிப்பது மென்மையான ரப்பரும் பற்களில் உள்ள மெல்லிய கீறல்களும்தான். கியூபெக் மாகாணத்தில் டிசெம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால ரயர் சட்டப்படி கட்டாயம். மலையும் பனித்துகளும் பொறித்த அடையாளம் பரிசோதனையில் தேறிய ரயருக்குத்தான் கிடைக்கும். ஓல் ரெறெயின் ரயர்களிலும் சிலவற்றுக்கே அது உண்டு. அவர்கள் பருவத்தைப் பார்த்து ரயர் போடுகிறார்கள். நாம் அவர்களிடம் படிக்க வேண்டியது அதைத்தான்.

எங்கள் பருவம் மாரி. வருடத்து மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரைதான் கொட்டுகிறது. வலிகாமத்தில் உழவு இயந்திரங்கள் விட்டுப்போகும் செம்மண் சேறு தார் வீதியில் வழுக்கும். தேங்கிய தண்ணீரை வெளியேற்ற ரயரில் பள்ளம் இல்லாவிட்டால், வேகத்தில் சில்லு தண்ணீரின் மேல் மிதக்கும். பிறகு ஸ்டியரிங்கும் கேட்காது, பிரேக்கும் கேட்காது. அந்த மாதங்களில்தான் பிள்ளைகள் வானில் நெருக்கியடித்துக்கொண்டு பாடசாலைக்கு வருகிறார்கள். எங்களுக்குப் பல் வைத்த ரயரை விட, பல்லே இல்லாத மொட்டை ரயரைப் பற்றித்தான் பெரிய பயம்.

1990க்குப் பிறகு புத்தளத்திலும் யாழ்ப்பாணத்திலும் பாதிப் பாதியாக வாழ்கிற எங்கள் குடும்பங்களும் யோசிக்க வேண்டும். சங்குப்பிட்டிப் பாலத்தால், மன்னார் வழியே, வான் நிறையச் சனமும் சாமானும் ஏற்றிக்கொண்டு போகிறோம். பாரம் கூடும்போது காற்று குறைந்த ரயர் இன்னும் வேகமாகச் சூடேறும்.

வான்காரர்களை மட்டும் குறை சொல்வது நீதியில்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. பழைய வானை ஓட்டியே பிழைக்க வேண்டியிருந்தது. 2022 நெருக்கடி எல்லார் பொக்கற்றையும் காலியாக்கியது. நான்கு ரயரை ஒரேயடியாக மாற்று என்று சொல்வது லேசு, காசு கொடுப்பது யார்?

ஆகவே எங்கள் கோரிக்கை இதுதான். செப்டெம்பரில், மழைக்கு முன்னரே, பாடசாலை அபிவிருத்திச் சங்கம் பெற்றோரையும் வான்காரரையும் ஒன்றாக இருத்திப் பேசட்டும். ரயர்ப் பள்ளத்தின் அடியில் சிறு மேடுகள் இருக்கும். காரிலும் வானிலும் அவற்றின் உயரம் 1.6 மில்லிமீற்றர். ரயர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் மாற்றியே ஆக வேண்டும். பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பள்ளம் இருந்தாலும் எங்கள் வெயிலில் பழைய ரப்பர் வெடித்துப் போகும், அதையும் பாருங்கள். மாற்ற வேண்டியிருந்தால், ஒரு வானில் வருகிற பிள்ளைகளின் பெற்றோர் அந்தச் செலவில் ஒரு பங்கைப் பகிர்ந்துகொள்வோம். வான்காரர் தன் பங்கைப் போடட்டும்.

நாளை காலை பிள்ளையை வானில் ஏற்றும்போது ஒரு நிமிடம் குனிந்து ரயரைப் பாருங்கள். மொட்டையாக இருந்தால் கோபப்படாமல், மரியாதையாக அண்ணனிடம் சொல்லுங்கள். அவருடைய உயிரும் அந்த வானுக்குள்தான் இருக்கிறது.